ஒரகடச் சாலையும் கடற்கரை வீடும்

வாலாஜாபாத்திலிருந்து கிழக்கு நோக்கிப் புறப்படும் சாலை ஒன்று, ஒரகடத்தையும் படப்பையையும் கடந்து வண்டலூரை அடைகிறது. அங்கே திருச்சி நெடுஞ்சாலையையும் இருப்புப் பாதையையும் தாண்டி மேலும் கிழக்கே சென்று, கேளம்பாக்கத்தைத் தொட்டு, கோவளத்தில் கடலைக் கண்டு நிற்கிறது. இதனை ஒரே சாலை என்று அரசுப் பதிவேடுகள் கூறமாட்டா. பகுதிக்கொரு பெயர் உண்டு. வரலாற்றை நோக்குவார்க்கோ இது ஒரே சாலைதான். இதன் மேற்கு முனையிலுள்ள ஊர், ஆற்காட்டு நவாபு முஹம்மது அலீ வாலாஜாவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. கிழக்கு முனையிலுள்ள கோவளத்துக்கு நவாபுகளின் காலத்தில் 'ஸஆதத் பந்தர்' என்ற பெயர் வழங்கியது. ஸஆதத் என்பது நற்பேறு எனப் பொருள்படும் அரபுச் சொல். பந்தர் என்பது துறைமுகத்தைக் குறிக்கும் பாரசீகச் சொல். இரு முனைக்கும் இடையே வண்டலூரில், கீழக்கரை தந்த வள்ளல் பி.எஸ். அப்துர் ரஹ்மான் அவர்களின் முயற்சியால் 1984ஆம் ஆண்டில் தோன்றிய கிரசென்ட் பொறியியல் கல்லூரி இன்று பல்கலைக்கழகமாக உயர்ந்து விளங்குகிறது.

இச்சாலையின் நடுப்பகுதியாகிய ஒரகடத்திலும், அதன் வடக்கே ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம் ஆகிய ஊர்களிலும் எழுந்துள்ள தொழிற்சாலைகளுக்குத் தென்மாவட்டங்களிலிருந்தும், ஆம்பூர் வாணியம்பாடிப் பக்கத்திலிருந்தும் நம் பிள்ளைகள் வேலைக்கு வருகிறார்கள். வளைகுடா நாடுகளில் பல்லாண்டுகள் உழைத்துத் திரும்பியோரும் வருகிறார்கள். வந்தவர் முதலில் கேட்கும் கேள்வி, வீட்டை எங்கே பார்ப்பது என்பதே. அவர்களுள் வசதி படைத்தோர் பலருடைய கண் கடற்கரையை நாடுகிறது. கோவளம், முட்டுக்காடு, நீலாங்கரை, பாலவாக்கம், திருவான்மியூர் என்று பெயர்கள் வரிசையாக வருகின்றன. ஒரகடத்திலிருந்து கோவளம் ஏறத்தாழ 45 கிலோமீட்டர். வேலை ஏரிக்கரையில், வீடு கடற்கரையில் என்னும் இவ்வாழ்க்கை எவ்வாறு வந்தது என்பதைச் சிறிது பின்சென்று பார்த்தால்தான், குடக்கூலிக்கு வீடு தேடுவோருக்கும் நாம் பயனுள்ள ஒன்றைச் சொல்ல இயலும்.

ஸ்ரீபெரும்புதூரை 1017ஆம் ஆண்டில் இராமானுசர் பிறந்த ஊராக வைணவ உலகம் அறியும். 1991 மே 21 அன்று முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தி உயிர் துறந்த இடமாக நாடு அறியும். மற்றபடி அது ஏரிப் பாசனத்தை நம்பி நெல் விளைவித்த வட்டாரம். 1971இல் தோன்றிய சிப்காட் நிறுவனம் இங்கே நிலம் திரட்டித் தொழிற்பேட்டைகளை அமைத்தது. 1996இல் பதிவு பெற்ற ஹூண்டாய் நிறுவனத்தின் இந்தியக் கிளை, இருங்காட்டுக்கோட்டையில் ஆலை எழுப்பி 1998இல் தன் முதல் காரை வெளிக்கொணர்ந்தது. கண்ணாடி ஆலை வந்தது. நோக்கியா நிறுவனத்தின் கைப்பேசி ஆலை 2006இல் இயங்கத் தொடங்கியது. ஒரகடத்தில் 2010இல் ரெனோ-நிசான் கார் ஆலையும், 2012இல் டைம்லர் நிறுவனத்தின் சரக்குந்து ஆலையும், அதன்பின் ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் ஆலையும் எழுந்தன. பதினைந்தே ஆண்டுகளில் ஏரி நாடு இரும்பு நாடாயிற்று.

இவ்வளவும் கட்டியவர்கள் ஊர் ஒன்றைக் கட்டவில்லை. முந்தைய தலைமுறையில் தொழிற்சாலை என்றால் அதனுடன் குடியிருப்பும் சேர்ந்தே எழுந்தது. 1955இல் பெரம்பூரில் இரயில் பெட்டித் தொழிற்சாலை தொடங்கியபோதும், 1956இல் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றியபோதும், அறுபதுகளில் திருச்சி பாரத மிகுமின் நிறுவனம் உருவானபோதும், தொழிலாளர்க்கும் அலுவலர்க்கும் வீடு, பள்ளிக்கூடம், மருத்துவமனை, சந்தை, வழிபாட்டிடம் ஆகியவற்றுக்கும் மனை ஒதுக்கப்பட்டது. நெய்வேலியில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள் இன்றும் தங்கள் வட்டத்தின் எண்ணைச் சொந்த ஊரின் பெயர்போலச் சொல்வதை நாம் கேட்டிருக்கிறோம். ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்துக்கு அந்தப் பேறு கிட்டவில்லை. இங்கே மனைகள் ஆலைக்கு ஒதுக்கப்பட்டன. சாலைகள் துறைமுகம் செல்லும் சரக்குந்துகளுக்காக அகலப்படுத்தப்பட்டன. மனிதன் எங்கே உறங்குவான் என்ற கேள்வி அவனவன் பொறுப்பில் விடப்பட்டது.

இந்நிலையைக் காணும்போதெல்லாம் நமக்கு இப்னு கல்தூன் நினைவுக்கு வருகிறார். 1377ஆம் ஆண்டில் அல்ஜீரிய நாட்டின் கோட்டையொன்றில் ஒதுங்கியிருந்து அவர் எழுதிய 'முகத்திமா'வில், நகரங்களை அமைப்போர் கவனிக்க வேண்டியவற்றை ஓர் அத்தியாயமாகவே பேசுகிறார். பகைவரிடமிருந்து காப்பு, தேங்கி நாறாத நல்ல காற்று, அருகிலேயே இனிய நீர், கால்நடைக்கு மேய்ச்சல், உணவுக்கு வயல், அடுப்புக்கு விறகு ஆகிய யாவும் வேண்டும் என்கிறார். தொலைதூரப் பொருள்கள் வந்து சேர்வதற்குக் கடல் அருகிலிருப்பது நன்று. ஆனால் முன்சொன்னவை போல அது இன்றியமையாததன்று என்பதும் அவர் கருத்து. பிறகு தம் முன்னோரையே அவர் கண்டிக்கும் இடம் வருகிறது. கூஃபா, பஸரா, கைரவான் ஆகிய நகரங்களை நிறுவிய அரபியர் தம் ஒட்டகங்களின் மேய்ச்சலையும் பாலைவன வழியையும் மட்டுமே எண்ணினர். மனிதருக்கு வேண்டிய நீரையும் வயலையும் விறகையும் எண்ணவில்லை. ஆகவே அந்நகரங்கள் விரைவில் சிதைவுற்றன என்கிறார். பஸராவின் புகழை ஓதி வளர்ந்த நமக்கு இத்தீர்ப்பு சற்றுக் கடுமையாகவே படுகிறது. எனினும் ஒரகடம் நாற்சந்தியில் நின்று கன்டெய்னர் வண்டிகளின் வரிசையைப் பார்க்கும் எவரும், இங்கேயும் ஒட்டகத்தைத்தான் எண்ணினார்கள் என்பதை மறுக்க இயலாது.

தங்குமிடம் இல்லாத இடத்தில் வேலை வந்தபோது, மக்கள் தத்தம் வருவாய்க்கேற்பச் சிதறினர். இளந்தொழிலாளர் சுற்றுப்புறக் கிராமங்களில் ஓர் அறைக்கு ஐவர், அறுவர் என்று ஒண்டினர். நடுத்தரக் குடும்பங்கள் தாம்பரம், பூந்தமல்லி, காஞ்சிபுரம் ஆகிய பக்கங்களில் வீடு பிடித்தன. மேலாளர்களும் வெளிநாட்டிலிருந்து வந்த பொறியாளர்களும் சென்னையின் பழைய வசதியான பகுதிகளையோ கடற்கரையையோ நாடினர். தரமணியில் பன்னாட்டுப் பள்ளி ஒன்று இருந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலை 2002இல் சுங்கச் சாலையாகச் செப்பனிடப்பட்டது. தென்னந்தோப்புகளும் சவுக்குத் தோப்புகளும் மனைகளாயின. கம்பெனி வாடகை தரும், கம்பெனி வண்டி வாசலில் வந்து நிற்கும் என்ற நிலையில் உள்ளவருக்குத் தொலைவு ஒரு பொருட்டன்று. அவர்களைக் கண்டு, கையிலிருந்து வாடகை தருபவரும் பேருந்தில் செல்பவரும் கடற்கரை வீட்டுக்கு ஆசைப்படுவதுதான் சிந்தனைக்குரியது.

எகிப்து வெற்றி கொள்ளப்பட்டபோது நிகழ்ந்ததாக வரலாற்றாசிரியர்கள் கூறும் ஒரு செய்தி இங்கே பொருந்தும். படைத்தலைவர் அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அலெக்சாந்திரியாவைக் கண்டார். கடற்கரை நகரம், அழகிய மாளிகைகள், குடியிருந்தோர் பலர் வெளியேறிவிட்டதால் வீடுகள் ஆயத்தமாக நின்றன. அங்கேயே தங்க விரும்பி மதீனாவுக்குத் தூதரை அனுப்பினார். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் வீட்டின் அழகைப் பற்றிக் கேட்கவில்லை, வாடகையைப் பற்றியும் கேட்கவில்லை. எனக்கும் அந்த மக்களுக்கும் இடையே நீர் குறுக்கிடுமா என்பதே அவர்கள் கேட்டது. நைல் பெருகும் காலத்தில் குறுக்கிடும் என்று விடை வந்ததும் அலெக்சாந்திரியா கைவிடப்பட்டது. 641ஆம் ஆண்டை ஒட்டி, உள்நாட்டில், ஆற்றின் கீழ்க்கரையில், ஃபுஸ்தாத் நகரம் கூடாரங்களாக எழுந்தது. இன்றைய கெய்ரோவுக்குத் தாயகம் அதுவே.

ஒரகடத்துக்கும் கடலுக்கும் இடையே நீர் குறுக்கிடுமா? குறுக்கிடும். படப்பை, மணிமங்கலம், ஆதனூர்ப் பகுதிகளின் ஏரிகள் நிரம்பினால் அவற்றின் உபரி நீர் அடையாற்றில் இறங்குகிறது. (ஃபுஸ்தாத் எழுந்த அதே காலத்தில் நரசிம்மவர்மப் பல்லவன் சாளுக்கியப் புலிகேசியை எதிர்த்து வென்ற மணிமங்கலம் இதுதான், படைகள் நின்ற வெளியில் இன்று மனைப்பிரிவுக் கற்கள் நிற்கின்றன.) 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டதே பெரிதும் பேசப்பட்டது. ஆனால் முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் மூழ்கடித்தது அந்த ஏரியன்று. அடையாற்றின் தலைப்பகுதியிலுள்ள இவ்வேரிகளின் வெள்ளமே. வாடகை குறைவு, தாம்பரம் அருகில் என்று நம்பி அங்கே குடிபுகுந்த குடும்பங்கள் மாடியில் அமர்ந்து படகுக்குக் காத்திருந்தன. கடலோரத்தாருக்கு வேறு நீர். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை கோவளம் உள்ளிட்ட மீனவக் குப்பங்களுக்குள் புகுந்ததை மறந்தவர் இலர். ஆகையால் வீடு பார்க்கச் செல்பவர், இவ்வீட்டில் 2015இல் நீர் எவ்வளவு உயரம் நின்றது என்று பக்கத்துக் கடைக்காரரிடம் கேட்டறிதல் வேண்டும். வீட்டுக்காரர் சொல்லமாட்டார், சுவரில் வண்ணம் பூசிவிடுவார்.

இனி, இடம்பெயர்ந்து கடற்கரைக்கு வந்த நம் நாட்டுப் பெருங்குடியினர் ஒருவரின் கதைக்கு வருவோம். 1749இல் ஆம்பூர்ப் போரில் நவாபு அன்வருத்தீன் வீழ்ந்தபின், அவர் மகன் முஹம்மது அலீ திருச்சிராப்பள்ளியில் முற்றுகையைத் தாங்கி, ஆங்கிலேயர் துணையால் ஆட்சியை அடைந்தார். 1765இல் தில்லிப் பேரரசரிடமிருந்து 'வாலாஜா' என்னும் விருதும் கிட்டியது. ஆனால் தலைநகரான ஆற்காட்டில் அவருக்கு மனம் ஒட்டவில்லை. பீரங்கியும் கப்பலும் உள்ள சென்னையே பாதுகாப்பு என்று எண்ணினார். புனித ஜார்ஜ் கோட்டைக்கு உள்ளேயே மாளிகை அமைக்க முதலில் கருதினார்; இடம் போதாமையால் அது கைவிடப்பட்டது. கோட்டைக்குத் தெற்கே, கடலை நோக்கிய சேப்பாக்கத்தில் 1768இல் மாளிகை எழுந்தது. ஆற்காட்டிலிருந்து வந்தவர் தெரிந்தெடுத்த கடற்கரைப் புறநகர் அதுவே. இன்று அது சென்னையின் நடுவில் இருப்பதால் அக்காலத்தில் அது புறநகர் என்பது நமக்குத் தோன்றுவதில்லை.

மாளிகை அழகியது. ஆனால் கடற்கரை வாழ்வின் செலவு அவரை விழுங்கியது. போர்ச் செலவுக்கும் ஆடம்பரத்துக்குமாகக் கும்பினியின் ஊழியர்களிடமே தனிப்பட்ட முறையில் உயர்ந்த வட்டிக்குக் கடன் வாங்கினார். கடனுக்கு ஈடாக மாவட்டங்களின் வரி வருவாயை எழுதிக்கொடுத்தார். அந்தக் கடன் இலண்டன் வரை நாறியது. 1785 பிப்ரவரி 28 அன்று எட்மண்டு பர்க் நாடாளுமன்றத்தில் ஆற்காட்டு நவாபின் கடன்களைப் பற்றியே நெடிய உரை நிகழ்த்தினார். வாலாஜா 1795இல் மறைந்தார். 1801இல் கருநாடக ஆட்சி கும்பினியின் கைக்குப் போயிற்று. 1855இல் நவாபு குலாம் கௌஸ் கான் வாரிசின்றி மறைய, நவாபுப் பட்டமே ஒழிக்கப்பட்டு மாளிகையும் அரசின் உடைமையாயிற்று. கட்டிய மாளிகை நூறாண்டுகள்கூடக் குடும்பத்திடம் நிற்கவில்லை.

நின்றது வேறொன்று. நவாபைத் தொடர்ந்து வந்த படைவீரர், எழுத்தர், ஹகீம்கள், சமையற்காரர், தையற்காரர், ஆலிம்கள் ஆகியோர் திருவல்லிக்கேணியில் குடியேறினர். இலக்னோவின் ஃபரங்கீ மஹல் மரபில் வந்த 'பஹ்ருல் உலூம்' அப்துல் அலீ அவர்கள், நவாபின் அழைப்பை ஏற்று இக்கரைக்கு வந்து ஓதிக்கொடுத்து, 1810இல் மறைந்து, வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் அடங்கியுள்ளார்கள். அதே வளாகத்தில்தான் 1972இல் காயிதே மில்லத் அவர்களும் அடக்கம் செய்யப்பட்டார்கள். வெளியூரிலிருந்து வேலை தேடி வந்த எத்தனையோ தலைமுறை இளைஞர்கள் திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் ஒரு கட்டில் இடம் பிடித்துத் தம் சென்னை வாழ்வைத் தொடங்கினர். வந்தவர் சுமையை இறக்கி வைக்க அங்கே இடம் இருந்தது. மஹல்லா என்னும் சொல்லின் வேரே அதுதான். 'ஹல்ல' என்றால் முடிச்சை அவிழ்த்தல். ஒட்டகத்தின் மீதுள்ள கட்டை அவிழ்த்துச் சுமையை இறக்கும் இடம் மஹல்லா. அரபு மக்களிடையே வழங்கும் பழமொழி ஒன்று, வீட்டைப் பார்க்குமுன் அண்டைவீட்டாரைப் பார் என்கிறது. நம் தமிழில் வாடகையைக் குடக்கூலி என்பதும் எண்ணத்தக்கது. குடியிருப்பதற்கான கூலி அது.

இக்கண்கொண்டு கோவளத்தைப் பார்ப்போம். கோவளம் இன்று நேற்றுத் தோன்றிய உல்லாசக் கரையன்று. 1719ஆம் ஆண்டளவில் ஐரோப்பாவின் ஆஸ்டெண்டு நகர வணிகர் இங்கே வந்து பண்டகசாலை அமைத்தனர்; அவர்கள் வாயில் ஊரின் பெயர் 'கபெலோன்' ஆயிற்று. நவாபுகளின் கோட்டை எழுந்தது. 1750இல் அதனைப் பிரெஞ்சுக்காரர் சூழ்ச்சியால் கைப்பற்ற, 1752இல் கிளைவ் அதை மீட்டார். பின்னர் கோட்டை தகர்க்கப்பட்டது. கடற்கரை நகரங்கள் கடல்வழி வரும் இரவுத் தாக்குதலுக்கு எளிதில் இலக்காகும் என்று இப்னு கல்தூன் எழுதியதற்குக் கோவளமும் ஒரு சான்று. 1974இல் நட்சத்திர ஓட்டல் வந்தது. 2021இல் தூய்மைக்கான 'நீலக்கொடி'ச் சான்றும் கோவளக் கடற்கரைக்குக் கிட்டியது. நீலக்கொடி வந்தால் வாடகையும் சேர்ந்து ஏறும் என்பது நாம் சொல்லத் தேவையில்லாதது.

ஆனால் தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் கோவளத்தை அறிந்தது இவற்றால் அன்று. ஹஸ்ரத் தமீமுல் அன்ஸாரி (ரலி) அவர்களின் அடக்கத்தலம் என மக்கள் நம்பிப் போற்றும் தர்கா அங்கே உள்ளது. சென்னையிலிருந்தும் செங்கற்பட்டு, காஞ்சிபுரம் பக்கங்களிலிருந்தும் பன்னெடுங்காலமாகக் குடும்பங்கள் வந்து செல்கின்றன. அன்ஸாரி என்னும் அடைமொழியை ஓதியவர் அறிவர். மக்காவிலிருந்து வீடும் பொருளும் விட்டு வந்தவர்களுக்குத் தம் இல்லத்தில் பாதியைப் பகிர்ந்தளித்த மதீனத்து மக்களே அன்ஸார்கள். பெருமானார் (ஸல்) அவர்களும் மதீனா வந்தபோது, தமக்கென அறைகள் எழும்வரை பல மாதங்கள் அபூ அய்யூப் அன்ஸாரி (ரலி) அவர்களின் இல்லத்துக் கீழ்த்தளத்திலேயே தங்கியிருந்தார்கள்.

அந்தக் கரையோரத்தில் வீடு தேடுவோர் நீரைப் பற்றி முதலில் கேட்க வேண்டும். திருவான்மியூரிலிருந்து கோவளம் வரை நீளும் மணற்பரப்பின் அடியில் மழைநீர் நன்னீராகத் தேங்கி, உப்பு நீரின் மேல் மிதந்து நிற்கிறது. லாரிகள் அதனை வரம்பின்றி உறிஞ்சினால் கீழிருக்கும் உப்பு மேலேறும். ஒரு தெருவில் இனிக்கும் கிணறு அடுத்த தெருவில் கரிப்பது இதனாலேயே. நெம்மேலியில் 2013இல் நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையமும், 2024இல் பதினைந்து கோடி லிட்டருக்கான இரண்டாம் நிலையமும் இயங்கத் தொடங்கின. எனினும் நாம் பார்க்கும் வீட்டுக் குழாய்க்கு அந்நீர் வருகிறதா என்பது தனிக் கேள்வி. உப்புக் காற்றைப் பற்றி நெய்தல் நிலத்தில் பிறந்தவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஜன்னல் கம்பி, மின்விசிறி, சைக்கிள் ஆகிய யாவற்றையும் அது தின்னும். துருவேறிய கம்பியை மாற்றும் செலவு யாருடையது என்பதை முன்னரே எழுதிக்கொள்வது நலம். நம் ஃபிக்ஹு நூல்களில் இஜாரா பற்றிய பகுதி, பயன், காலம், கூலி ஆகிய மூன்றும் இருவருக்கும் ஐயமறத் தெரிந்திருக்க வேண்டும் என்கிறது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டமும் எழுத்து மூலமான ஒப்பந்தத்தை வற்புறுத்துகிறது. வேறு உடன்பாடு இல்லாதவிடத்து முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படலாகாது என்றும் சொல்கிறது. சென்னையின் பத்து மாத முன்பண வழக்கத்தை அறிந்தவர்கள் இதைப் படித்துச் சிரிப்பார்கள். சிரித்தாலும் கேட்டுப் பார்ப்பதில் இழப்பில்லை.

வீட்டை விலைக்கே வாங்கிவிடலாமே என்பார் உளர். நோக்கியா ஆலை 2014 நவம்பர் முதல் நாளோடு நின்றது. மறைமலை நகர் ஃபோர்டு ஆலையில் கார் உற்பத்தி 2022இல் முடிவுற்றது. ஆலையை நம்பி நீண்ட தவணையில் வீடு வாங்கியவர் பட்ட பாடு பெரிது. நவாபுக்கே கடன்மேல் கட்டிய மாளிகை நிலைக்கவில்லை என்னும்போது, மாதச் சம்பளக்காரர் சில ஆண்டுகள் குடக்கூலியில் இருப்பதில் இழிவு யாதுமில்லை.

இவை யாவினும் கடினமான தடை ஒன்றுண்டு. நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர், தென்கடற்கரை ஊரினர், ஒரகடத்து ஆலையொன்றில் மேற்பார்வையாளராகச் சேர்ந்தார். அலையோசை கேட்டே வளர்ந்தவராதலால் கடற்கரையில்தான் வீடு என்று முடிவு செய்து நீலாங்கரை முதல் கோவளம் வரை அலைந்தார். தொலைபேசியில் வாடகை சொன்ன வீட்டுக்காரர் இருவர், பெயரைக் கேட்டதும் வீடு போய்விட்டது என்றனர். மற்றொருவர் வீட்டில் இறைச்சி சமைக்கக் கூடாது என்றார். முகம் கோணாமல் சாவியை எடுத்துவந்து வீட்டைத் திறந்து காட்டிய பெரியவர்களும் இருந்தனர். அதையும் மாணவரே நம்மிடம் சொன்னார். பெயரைக் கேட்டு மூடப்படும் கதவைப் பற்றி நம் குடும்பங்களில் பேச்சு உண்டு, வேதனையும் உண்டு. அந்த வேதனை நியாயமானது. ஆயினும், நம்முள் வீட்டுடைமையாளராய் இருப்போரையும் நோக்கி இரு சொல் கூற வேண்டும். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் அதே ஆலைகளுக்கு வரும் தொழிலாளி நம் வீட்டு வாயிலில் வந்து நிற்கும்போது, அவன் மொழி புரியவில்லை, ஆட்கள் அதிகம், வேண்டாம் என்று நாம் கதவை மூடுவதில்லையா? அவனுள் ஸலாம் சொல்லி நிற்பவனும் இருக்கிறான், சொல்லாதவனும் இருக்கிறான். சுமையை இறக்க இடம் தேடுவதில் இருவரும் ஒன்றே.

அடைக்கலமின்றித் தொழிலாளரை அடுக்கி வைத்ததன் விளைவை 2021 டிசம்பரில் நாடு கண்டது. சுங்குவார்சத்திரத்து ஃபாக்ஸ்கான் ஆலையில் பணியாற்றிய இளம்பெண்கள் இருநூறு பேருக்கு மேல் விடுதி உணவால் நோயுற்றனர். தோழியர் பெங்களூர் நெடுஞ்சாலையில் அமர்ந்து மறியல் செய்தனர். அதன்பின்னரே தங்குமிடம் பற்றிய பேச்சு உரத்து எழுந்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் சிப்காட் கட்டிய 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பு திறக்கப்பட்டது. ஏறத்தாழ முப்பதாண்டுகள் கழித்து வந்ததாயினும் நல்ல தொடக்கம் என்றே நாம் கருதுகிறோம். எனினும் அவை கட்டில்கள். குடும்பம் நடத்தும் வீடுகள் அல்ல. அந்தப் பெண்களுக்கு மணமானால், அவர்களும் கணவரும் குழந்தையும் குடியிருக்க இவ்வட்டாரத்தில் எளிய வாடகையில் எத்தனை வீடுகள் உள்ளன என்பதே அடுத்துக் கேட்க வேண்டிய கேள்வி. நெய்வேலிக்குத் தெரிந்தது ஒரகடத்துக்குத் தெரியாமல் போனதற்கு ஆலையார் மட்டும் பொறுப்பல்லர். அனுமதி அளித்தோரும் பொறுப்பே.

நம் மாணவர் இறுதியில் கடற்கரையில் வீடு எடுக்கவில்லை. வண்டலூருக்கு அருகில், சற்று மேடான ஒரு தெருவில், ஓய்வுபெற்ற இரயில்வே ஊழியர் ஒருவரின் வீட்டு மாடியைக் குடக்கூலிக்குப் பிடித்தார். 2015இல் அத்தெருவில் நீர் ஏறவில்லை என்பதை மூவரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டார். ஆலை வண்டி முனையிலேயே நிற்கிறது. பள்ளிவாசல் நடக்கும் தொலைவு. 2023 டிசம்பரில் திறந்த கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்திலிருந்து ஊருக்கு நேரே பேருந்து உண்டு. கீழ்வீட்டு அம்மா பொங்கலுக்கு அனுப்பிய பாத்திரம், பெருநாளன்று பிரியாணியுடன் திரும்பிப் போயிற்றாம். கடலைப் பார்க்க வேண்டும் என்று குழந்தைகள் கேட்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் மாணவர் அவர்களை ஏற்றிக்கொண்டு கேளம்பாக்கம் சாலையில் செல்கிறார். விடுமுறை நாளின் நெரிசலில் ஒரு மணி நேரம் ஆகிறது என்கிறார்.